மூக்குத்தண்டைத் திருத்தும் அறுவை: எதை எடுக்கிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள்

நீலகிரியில் மூக்கு ஆபரேஷன் என்று பேச்சு எடுத்தால் மூன்று வேறு சமாச்சாரங்கள் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. வருஷக்கணக்காக மூக்கடைப்போடு இருந்தவரிடம் “தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்” என்று சொல்லியிருப்பார்கள். கோத்தகிரி ரோட்டில் பைக் சறுக்கி விழுந்தவருக்கு மூக்கெலும்பு உடைந்திருக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை செல்போனில் ‘முன்பு, பின்பு’ படங்களைப் பார்த்துவிட்டு, கோவையில் ஏதோவொரு கிளினிக்கில் மூக்கை எடுப்பாக்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்டிருக்கும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஆபத்து வேறு, காப்பீட்டில் பணம் கிடைக்குமா என்பதும் வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால், உண்மையில் தேவைப்பட்டவர் பயந்து தள்ளிப்போடுகிறார். தேவையே இல்லாதவர் அவசரப்படுகிறார்.

அடிப்படையான ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றவை தானாக விளங்கும். மூக்குத்தண்டு மூச்சுப்பாதையின் கூரை. வெளியே ஒரு மில்லிமீட்டர் குறைத்தாலும் உள்ளே காற்று போகும் வழி மாறும்.

## மூக்குத்தண்டு எதனால் ஆனது

மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள். முதலில் கெட்டியாக, அசையாமல் இருப்பது எலும்பு. இடமும் வலமுமாக இரண்டு சிறு எலும்புகள் நடுவில் கூடுகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் விரலுக்கடியில் ஒரு மாற்றம் தெரியும். அழுத்தினால் லேசாக அமுங்கி, விட்டால் மீண்டுவரும். அது குருத்தெலும்பு. பலருக்கு எலும்பும் குருத்தெலும்பும் சேரும் அந்த இடத்தில்தான் சிறு மேடு ஒன்று தட்டுப்படும். கடைசிப் பகுதி மூக்கின் நுனி. அங்கே வேறு ஒரு ஜோடிக் குருத்தெலும்புகள் வளைந்து நாசித்துவாரங்களைத் திறந்து வைத்திருக்கின்றன.

இவை அனைத்தும் எதன்மீது நிற்கின்றன? மூக்கை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர் மீது. ஓட்டு வீட்டுக்கு மோட்டுவளையைத் தாங்கும் சுவர் எப்படியோ, மூக்குத்தண்டுக்கு இந்த நடுச்சுவர் அப்படி. அதன் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. சுவர் சாய்ந்தால் மேலே இருக்கும் தண்டும் சாயும். சுவரில் ஓட்டை விழுந்து தாங்கும் பலம் போனால் தண்டு நடுவில் குழிந்து, குதிரைச் சேணம்போல் ஆகிவிடும். மருத்துவர்கள் அதைச் சேண மூக்கு என்றே சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டின் நடுப்பகுதியில், நடுச்சுவரும் பக்கவாட்டுக் குருத்தெலும்பும் கூடும் ஒரு குறுகலான கோணம் இருக்கிறது. 10 முதல் 15 பாகை வரைதான் அதன் விரிவு. நாம் இழுக்கும் மூச்சு முழுவதும் கடக்க வேண்டிய மிகக் குறுகிய வாசல் அது. நாசி வால்வு என்பது அதன் பெயர். கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, காதுப் பக்கமாகத் தோலை மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தால், சிலருக்கு அடைப்பு சட்டென்று விலகியதுபோல் இருக்கும். அப்படி இருந்தால் தடை அந்த வாசலில் இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. இ.என்.டி. டாக்டர்கள் புறநோயாளிப் பிரிவில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

## ஒரே பெயரில் புழங்கும் நான்கு சிகிச்சைகள்

1. நடுச்சுவரைச் சீராக்குவது. செப்டோபிளாஸ்டி என்பது இதுதான். “தண்டு வளைவு” என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இந்தச் சுவரின் வளைவைத்தான். நாசித்துவாரத்தின் உள்ளேயே கீறி, வளைந்த பகுதியை நிமிர்த்துவார்கள் அல்லது கொஞ்சம் எடுப்பார்கள். மூக்கின் வெளித்தோற்றம் மாறாது, மாறவும் கூடாது.

2. வெளி அமைப்பைத் திருத்துவது. இதுதான் ரைனோபிளாஸ்டி. தண்டில் இருக்கும் மேட்டைக் குறைப்பது, பள்ளத்தை நிரப்புவது, கோணலை நேராக்குவது, நுனியைத் திருத்துவது எல்லாம் இதில் அடங்கும்.

3. இரண்டையும் சேர்த்துச் செய்வது. வெளியே மூக்கு கோணலாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்சுவரும் கோணலாகவே இருக்கும். சுவரை விட்டுவிட்டு வெளித்தண்டை மட்டும் நிமிர்த்தினால், சில மாதங்களில் தண்டு பழைய பக்கமே திரும்பிவிடும்.

4. உடைந்த எலும்பை இடத்தில் வைப்பது. இது விபத்து நடந்த சில நாட்களுக்குள் செய்யும் வேலை. பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது.

சீட்டில் இவற்றில் எது எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது முதல் வேலை. ‘மூக்கு ஆபரேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீடு திரும்பக் கூடாது.

## மேட்டைக் குறைப்பது எப்படி

வெளியிலிருந்து பார்த்தால் எலும்பு துருத்திக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். ஆனால் மூக்குத்தண்டு மேட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு. அதன் மேல் மூடியாக மெல்லிய எலும்பு இருக்கும். மருத்துவர் தோலை மேலே தூக்கி, எலும்பை அரத்தால் ராவியோ சிற்றுளியால் செதுக்கியோ எடுக்கிறார்; குருத்தெலும்பைக் கத்தியால் சீவுகிறார். இப்போது அல்ட்ராசவுண்ட் அதிர்வில் எலும்பை மட்டும் வெட்டும் கருவியும் பல இடங்களில் வந்துவிட்டது.

மேட்டைச் சீவியதும் புதிதாக ஒரு சிக்கல் பிறக்கிறது. கூரையின் உச்சியை எடுத்துவிட்டதால் மேல்பக்கம் தட்டையாக, திறந்த நிலையில் நிற்கும். அப்படியே விட்டால் முகத்தை நேராகப் பார்க்கும்போது மூக்கு அகலமாகத் தெரியும். அதனால் இரண்டு பக்க எலும்புகளையும் அடிவாரத்தில் வெட்டி, உள்பக்கமாகச் சாய்த்து மூடுகிறார்கள். இப்படிச் சாய்க்கும்போது நடுவில் இருக்கும் நாசி வால்வும் நெருங்கும். ஏற்கெனவே 10 பாகை விரிவுள்ள வாசல் இன்னும் குறுகினால், கண்ணாடியில் பார்க்கும்போது அழகாக இருக்கும் மூக்கு இரவில் மூச்சு விடத் தவிக்கும். பழைய காலத்தில் அளவுக்கு மீறிச் சீவப்பட்ட மூக்குகளில் நடுப்பகுதி உள்வாங்கி, தண்டின் மேல் தலைகீழ் ‘வி’ வடிவில் நிழல் விழுவதைப் பார்க்கலாம். அது பக்கக் குருத்தெலும்புகளின் தாங்கல் போனதற்கான அடையாளம்.

இதற்கு மாற்றாக, நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையில் தீக்குச்சி அகலத்துக்குக் குருத்தெலும்புத் துண்டுகளைச் செருகி, வாசலை விரித்து வைக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜாக் ஷீன் 1984இல் விவரித்தார். இன்று அது உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு வழி, மேட்டைச் சீவாமல் கூரையை முழுதாக வைத்துக்கொண்டு, அடியிலிருக்கும் சுவரில் ஒரு கீற்றை எடுத்து முழுத் தண்டையும் கீழே இறக்குவது. 1914இலேயே எழுதப்பட்ட இந்த யோசனை பல பத்தாண்டுகள் ஓரத்தில் கிடந்து, இப்போது மறுபடி பரவியிருக்கிறது. எல்லா மூக்குக்கும் இது பொருந்தாது. கோணல் அதிகமாக இருந்தாலோ ஏற்கெனவே அறுவை நடந்திருந்தாலோ பழைய முறையே கைகொடுக்கும்.

எந்த முறையாக இருந்தாலும், நடுச்சுவரின் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது 1 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும் என்பது மூக்கு மருத்துவத்தில் மீறக்கூடாத விதி. அந்தச் சட்டகம் போனால் மூக்கே அமர்ந்துவிடும். என்னைக் கேட்டால், அறுவைக்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு எடுப்பீர்கள்’ என்பதல்ல. ‘எவ்வளவு விட்டுவைப்பீர்கள், மூச்சுக்கு என்ன ஏற்பாடு’ என்பதுதான்.

## பள்ளத்தை நிரப்புவது

தென்னிந்தியாவில் மேட்டைக் குறைக்க வருபவர்களோடு, தாழ்ந்த தண்டை உயர்த்திக்கொள்ள வருபவர்களும் நிறையப் பேர். பழைய விபத்தில் குழிந்த மூக்கு, சீழ் கட்டிக் கரைந்த மூக்கு, தொழுநோயில் நடுச்சுவர் அழிந்த மூக்கு ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

நிரப்ப என்ன வைப்பது? அவரவர் உடம்பிலிருந்து எடுக்கும் குருத்தெலும்புதான் முதல் தேர்வு. நடுச்சுவரில் மிச்சம் இருந்தால் அங்கிருந்தும், போதாவிட்டால் காதின் குழிவிலிருந்தும், நிறைய வேண்டுமென்றால் விலா எலும்பின் முனையிலிருந்தும் எடுப்பார்கள். விலாக் குருத்தெலும்பு கெட்டியானது, வேண்டிய அளவுக்குக் கிடைக்கும். ஆனால் செதுக்கிய பிறகு அது மெல்ல வளையும் குணம் உடையது. அதனால் நடுப்பகுதியிலிருந்து, இரு பக்கமும் சமமாகச் செதுக்கி எடுப்பார்கள். அல்லது பொடிப்பொடியாக நறுக்கி, மெல்லிய தசையுறைக்குள் வைத்துக் குழலாக்கிப் பதிப்பார்கள். நெஞ்சில் ஒரு தழும்பு விழும், சில நாள் வலிக்கும்.

சிலிக்கான் போன்ற செயற்கை இம்பிளான்ட்டுகள் வைப்பது சுலபம், நேரமும் குறைவு. கிழக்காசிய நாடுகளில் அது பரவலாக இருக்கிறது. ஆனால் அது உடம்புக்கு அந்நியப் பொருள். பல வருடம் கழித்துக்கூடச் சீழ் பிடிக்கலாம், தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். மெல்லிய தோலும், அடிக்கடி அடிபட வாய்ப்பும் உள்ளவருக்கு அது உகந்ததல்ல.

## ஊசியில் முடிந்துவிடும் என்பவர்களுக்கு

ஃபில்லர் ஊசி போட்டுத் தண்டை உயர்த்துவது அரை மணி நேர வேலை என்று விளம்பரம் செய்யப்படுகிறது. ஹயலுரானிக் அமிலக் கூழைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். மாதக்கணக்கில் நின்று, பிறகு கரையும். சுலபம்போலத் தெரியும் இந்த முறையின் ஆபத்துதான் எல்லாவற்றிலும் கொடியது. மூக்குத்தண்டின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியோடு இணைந்தவை. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் போய்விட்டால், கூழ் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அடைக்கும். ஃபில்லரால் பார்வை போன சம்பவங்கள் அதிகம் பதிவான முகப் பகுதிகளில் மூக்கு முன்வரிசையில் இருக்கிறது.

ரத்தம் நின்ற விழித்திரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் மீளாத சேதத்தை அடைந்துவிடும். ஊட்டியிலிருந்து கோவைக்கு 86 கிலோமீட்டர். மலைப்பாதையில் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். கூழைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்தை கையில் வைத்திராத, மருத்துவரல்லாத ஒருவர் நடத்தும் அழகு நிலையத்தில் மூக்கில் ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை.

## வெட்டுண்ட மூக்கும் அளவுகோலும்

இந்த மருத்துவத்துக்கு நம் மண்ணோடு நெருங்கிய உறவு உண்டு. சுசுருதரின் நூலில் கன்னத்துத் தோலால் மூக்கைச் சீரமைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். பின்னர் புனே பக்கம், செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே அடிப்பகுதியை மட்டும் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பி மூக்காகத் தைத்தார். ஒட்டியிருந்த அந்தக் காம்பு வழியாக ரத்தம் ஓடியதால் தோல் உயிரோடு நின்றது. 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்து, பிணங்களில் பயிற்சி செய்து, லண்டனில் ஜோசப் கார்ப்யூ 1814இல் அதே அறுவையைச் செய்தார். நெற்றித் தோலை இறக்கும் அந்த முறைதான் இன்றும் மூக்கு சிதைந்தவர்களுக்குக் கைகொடுக்கிறது. தேயிலைத் தோட்ட ஓரங்களில் கரடி நடமாடும் கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. கரடி தாக்கும்போது முகம்தான் பெரும்பாலும் சிதைகிறது.

தோற்றத்துக்காக மூக்கைச் சிறிதாக்கும் அறுவை பிறகு வந்தது. அமெரிக்காவில் ஜான் ரோ 1887இலும், பெர்லினில் ஜாக் ஜோசப் 1898இலும் தொடங்கிவைத்தார்கள்.

அதே காலத்தில் நம் மலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890களில் நீலகிரிக்கு வந்து, தோடர், கோத்தர் முதலிய மக்களின் உடலை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கும் ‘நாசிக் குறியீடு’ அந்த அளவுகளில் ஒன்று. வங்காளத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சமூகப் படிநிலை தாழும் என்றே எழுதினார். அந்த விஞ்ஞானம் செத்துப்போய் நெடுநாள் ஆகிறது. ஆனால் ‘எடுப்பான மூக்கு உயர்ந்தது, சப்பை மூக்கு தாழ்ந்தது’ என்ற எண்ணம் பெண் பார்க்கும் இடங்களிலும், பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாடநூல்களில் உள்ள ‘லட்சிய’ கோணங்களில் பல ஐரோப்பிய முகங்களை வைத்து வகுக்கப்பட்டவை. தடித்த தோலும் மெல்லிய குருத்தெலும்பும் கொண்ட மூக்கில் அந்தக் கோணங்களைக் கொண்டுவர முயன்றால், தோல் சுருங்காமல் நுனி உருண்டையாகி நிற்கும். அகலமான மூக்கு நோயல்ல. அதற்கு மருந்து தேடும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வீட்டாரின் வாயடக்கம்.

மூக்கைப் பற்றிய கவலையே நாள் முழுவதும் மனத்தைத் தின்று, வெளியே போவதையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறை அவர்களுக்குப் பூதாகரமாகத் தெரியும். அவர்களுக்கு அறுவை நிம்மதி தருவதில்லை. அநேகமாக அடுத்த அறுவையைத்தான் தேட வைக்கும். மனநல மருத்துவரிடம் போவது இங்கே சரியான வழி.

## அடிபட்ட மூக்கு: 24 மணி நேரக் கணக்கு

முகத்தில் அதிகமாக உடையும் எலும்பு மூக்கெலும்பே. மழையில் தேயிலைச் சரிவில் சறுக்கி விழுந்தாலும், கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தாலும் முதலில் வாங்கிக்கொள்வது மூக்குத்தான். வீட்டில் செய்ய வேண்டியது எளிது: முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும்.

எலும்பைவிட அவசரமானது நடுச்சுவருக்குள் ரத்தம் கட்டுவது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம். அடிபட்டு, சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் ரத்தம் தேங்கினால் அந்த ஊட்டம் அறுந்துவிடும். சில நாட்களில் குருத்தெலும்பு செத்து, சீழ் பிடித்து, மூக்குத்தண்டு உட்கார்ந்துவிடும். குழந்தைகளுக்கு இது நேர்ந்தால் மூக்கின் வளர்ச்சியே தடைப்படும். டார்ச் அடித்து நாசித்துவாரத்துக்குள் பார்த்தால் நடுச்சுவர் ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ கருஞ்சிவப்பாக வீங்கியிருக்கும். மருத்துவர் பஞ்சுக் குச்சியால் தொட்டால் மெத்தென்று அமுங்கும். நேரம் ஆக ஆக மூக்கடைப்பு கூடிக்கொண்டே போவதும், வலி அதிகரிப்பதும் எச்சரிக்கை. 24 மணி நேரத்துக்குள் கீறி ரத்தத்தை வெளியேற்றிவிட்டால் பிற்காலத்தில் விலா எலும்பை வெட்டி நிரப்பும் வேலையே வராது. சிறு கீறல்தான், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் இ.என்.டி. பிரிவு செய்துவிடக்கூடியது. இதற்காகக் கோவை வரை இறங்க வேண்டியதில்லை.

எலும்பு விலகியிருந்தால் கணக்கு வேறு. வீக்கம் ஏறிவிட்டால் வளைவு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் சில நாள் பொறுத்து, வீக்கம் வடிந்ததும், பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் குழந்தைகளுக்கு அதற்கு முன்பும் எலும்பை இடத்தில் வைப்பார்கள். அந்த நாட்களைத் தவறவிட்டால் எலும்பு கூடிவிடும். பிறகு வெட்டித்தான் நிமிர்த்த முடியும். அதற்கும் பல மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் எக்ஸ்ரேயில் கீறல் தெரிகிறதா இல்லையா என்பதைவிட மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முடிவு செய்கிறது. மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாகச் சொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தாமதம் கூடாது: அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

சாலை விபத்தாக இருந்தால், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. அட்டை, வருமானச் சான்று எதுவும் அதற்குத் தேவையில்லை.

## அறுவை முடிந்து மலையேறுவது

ஊட்டி, குன்னூர்க்காரர்கள் கோவைக்கும், கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பெரும்பாலும் கேரளப் பக்கமும் மைசூருக்கும் போய் அறுவை செய்துகொண்டு திரும்புகிறார்கள். சமவெளி மருத்துவர் கொடுக்கும் அச்சடித்த தாளில் மலைக்காரர்களுக்கான விஷயங்கள் இருப்பதில்லை.

ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய 1900 மீட்டர் ஏற்றம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் தொந்தரவு: மூக்கு வீங்கி அடைத்திருந்தால் காதுக்குள் காற்று திரும்பப் போக முடியாமல் வலிக்கும். சாதாரணமாக மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவோமே, அதை அறுவைக்குப் பின் செய்யவே கூடாது. மறுபரிசோதனைக்கு இறங்கும் நாளில் எச்சிலை விழுங்கிக்கொண்டே வருவதும், வண்டியை நிதானமாக ஓட்டச் சொல்வதும் உதவும்.

அதைவிடப் பெரிய கவலை வாந்தி. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டி எடுத்தால் தலையில் ரத்த அழுத்தம் ஏறி, புதுப் புண்ணில் ரத்தம் கசியும். பயணத்துக்கு முன் வாந்தித் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தால் வெளியே வைத்த கட்டு எடுக்கும்வரை, அதாவது சுமார் ஒரு வாரம், கீழேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுவதுதான் நல்லது. ரத்தக் கசிவு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலோ, பொருக்கு உதிரும் இரண்டாம் வாரத்திலோ வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மண் சரிந்து மேட்டுப்பாளையம்–குன்னூர் இடையிலான பர்லியார் பாதை அடைபடும். ஏப்ரல், மே சீசனில் வாகன நெரிசலில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். அவசரமில்லாத அறுவைக்கு இந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வீடு சேர்ந்த பிறகு:

1. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் காற்று குளிர்ந்து வறண்டிருக்கும். சுவாசிக்கும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது மூக்கின் வேலை. வீங்கிய மூக்கால் அது முடியாது, உள்ளே பொருக்கு கட்டும். உப்புநீர் ஸ்பிரேயை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் போட வேண்டும். விறகடுப்புப் புகையும், அறை ஹீட்டரும் பொருக்கை அதிகமாக்கும்.

2. உயரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் ஏறும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்தால் தழும்பும் கன்றிய தோலும் கறுத்துப்போகும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் மாதக்கணக்கில் தேவை.

3. குனிந்து கொழுந்து பறிப்பது, மூட்டை தூக்குவது, விறகு சுமப்பது எல்லாம் மூன்று, நான்கு வாரத்துக்கு வேண்டாம். முழுமுக ஹெல்மெட் மாட்டும்போதும் கழற்றும்போதும் மூக்கில் இடிக்கும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது.

4. மூக்குக்கண்ணாடி தண்டின்மேல் உட்காரக் கூடாது, குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம். கட்டாயம் வேண்டுமென்றால் நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிடுவார்கள்.

5. மூக்குத்தியை அறுவைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மறுபடி போடும் நாளை மருத்துவர் சொல்வார்.

கண்ணைச் சுற்றிய நீலம் இரண்டு, மூன்று வாரத்தில் போய்விடும். மூக்கின் உண்மையான வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும். தடித்த தோலென்றால் இன்னும் கூடுதல். நுனி மரத்துப்போனதுபோல் இருப்பதும் மாதக்கணக்கில் நீடிக்கும். மூன்றாம் மாதத்திலேயே ‘சரியாக வரவில்லை’ என்று இன்னொரு டாக்டரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

## பணம் யார் தருவார்கள்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, தோற்றத்தை மாற்றுவதற்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு, மருத்துவக் காரணத்தால் தேவைப்படும் சிகிச்சை ஆகியவை விதிவிலக்கு. ஜி.எஸ்.டி.யிலும் இதே கோடுதான்: பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சரிசெய்யும் அறுவைக்கு மட்டும் வரிவிலக்கு, வெறும் அழகுக்காகச் செய்தால் விலக்கு கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அறுவைக்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

அதனால் விபத்து நடந்த அன்றே மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் மூக்குக் காயத்தையும் எழுதச் சொல்லுங்கள். கால் முறிவு, தலைக்காயம் என்று பெரிய காயங்கள் இருக்கும்போது மூக்கை யாரும் குறிப்பிடுவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தண்டைச் சீரமைக்கப் போகும்போது ‘இது விபத்தால் வந்தது’ என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது.

## கையெழுத்துக்கு முன்னும், மறு அறுவைக்கும்

செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது எம்.எஸ். இ.என்.டி. படித்து, மூக்கு அறுவையில் பயிற்சி உள்ளவரா என்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது வரையும், பையன்களுக்கு அதற்கு மேல் ஓரிரு வருடம் வரையும் முக எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும். மூச்சுத் தடையோ காயமோ இல்லாமல் அதற்குள் தொடக் கூடாது. புகைப்பவர் சில வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர், இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. கணினியில் மாற்றிக் காட்டும் படம் ஓர் உத்தேசம்தான், ஒப்பந்தமல்ல.

நல்ல கைகளிலும் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறு அறுவைக்குப் போகிறார்கள். குறைந்தது ஒரு வருஷம் கழித்துத்தான் அதைச் செய்வார்கள். மறு அறுவை முதலாவதைவிடக் கடினம். தோல் தழும்போடு ஒட்டியிருக்கும், நடுச்சுவரில் எடுக்கக் குருத்தெலும்பு மிஞ்சியிருக்காது. டிஸ்சார்ஜ் ஆகும்போது சுருக்கச் சீட்டு மட்டும் தருவார்கள்; அது போதாது. எங்கிருந்து எவ்வளவு குருத்தெலும்பு எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், எந்தக் காதைத் தொட்டார்கள், இம்பிளான்ட் வைத்திருந்தால் அதன் வகை என்ன என்பதெல்லாம் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பின் நகலையும், அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனையும் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மூக்கைத் திறக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.